நூற்று நாற்பத்தாறாவது வரிக்குச் சொன்ன சரி

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் மகள் நலம். என் நலத்தைப் பற்றிக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை டி.வி.யில் நான் தெரிந்த அந்த நாலு நொடியைப் படமெடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருப்பதாக அத்தை போனில் சொன்னார். தயவுசெய்து கழற்றிவிடுங்கள். மாடி வீட்டுப் பல் டாக்டர் பார்ப்பதற்குள் கழற்றினால் இன்னும் நல்லது.

"எங்க மாப்பிள்ளைதான் விண்கலத்தை ஓட்டுறார்" என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறீர்கள். நான் ஓட்டவில்லை மாமா. நான் "சரி" சொல்கிறவன். எங்கள் ஆளில்லாக் கலம் நாலு வருஷம் பறந்து ஒரு சிறுகோளை, அதாவது உருளைக்கிழங்கு வடிவத்தில் சூரியனைச் சுற்றிவரும் ஒரு பாறையை, எட்டியிருக்கிறது. அதற்குக் கட்டளை அனுப்பும் முன் ஒருவர் வரி வரியாக உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் கையிலுள்ள மூலத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு வரிக்கும் "சரி" சொல்ல வேண்டும், அது எங்கள் இடத்து வழக்கம். படிக்கிறவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமான பெண், குரல் கணீரென்று இருப்பதால் வெண்கலம் என்று கூப்பிடுவோம். சரி சொல்கிறவன் பதினேழு வருஷ அனுபவசாலியான நான். வீட்டிலும் எனக்கு இதே உத்தியோகம்தான், ஆனால் அங்கே எதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்பாள் உங்கள் மகள்.

திங்களன்று இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். கலம் பாறையை நெருங்கி, கையை நீட்டி, ஒரு பிடி மண் அள்ள வேண்டும். அன்று காலை நீங்கள் போன் செய்தது நினைவிருக்கும். "டி.வி.ல உங்களையும் காட்டுவாங்களாமே! அந்த நீலச் சட்டையப் போடுங்க. கேமரா வந்தா வயித்தக் கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்க மாப்ள" என்றீர்கள். உங்கள் மேல் பழி போடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நூற்று நாற்பத்தாறாவது வரிக்கு கேமரா என் பக்கம் திரும்பியது. நான் வயிற்றை உள்ளே இழுத்து, முகவாயை உயர்த்தி, தூரத்தில் எதையோ ஆராய்வதுபோல் பார்த்து, மூச்சு விட்டால் வயிறு வெளியே வந்துவிடுமே என்ற பயத்தில் மூச்சு விடாமலே "சரி" என்றேன். அந்தக் கம்பீரத்தைத்தான் நீங்கள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள்.

அந்த வரிப்படி கலம் திரும்ப வேண்டியது பத்து டிகிரி. வெண்கலம் கையிலிருந்த தாளில் நூற்றுத் தொண்ணூறு என்று அடித்திருந்தது, என் "சரி"யோடு அதுவே கலத்துக்கும் போய்விட்டது. கட்டளை போய்ச் சேரக் கால் மணி, பதில் வரக் கால் மணி, ஆக அரை மணி நேரம் எல்லோரும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தோம். பிறகு படம் வந்தது. பாறையைக் காணோம். கலம் பாறைக்கு முதுகைக் காட்டி நின்று, வெட்டவெளியில் கையை நீட்டி, ஒன்றுமில்லாததை ஒரு பிடி அள்ளி, மூடியை இறுக மூடி, "பணி முடிந்தது" என்று செய்தி அனுப்பியிருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது, சொன்னதைச் செய்தது.

தாளை அடித்தவள் வெண்கலம். ஆகவே, தப்பாக அடித்துவிட்டு, படிக்கும்போது பழக்கதோஷத்தில் பத்து என்று படித்திருப்பாள், இல்லாவிட்டால் அவ்வளவு அனுபவம் உள்ளவர் கண்டுபிடித்திருக்க மாட்டாரா என்று ஆபீசே பேசுகிறது. அவளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது. அவள் வாயே திறக்கவில்லை. நேற்று கேன்டீனில் என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா சார்?" என்றாள். எனக்குத் தட்டை விட்டுக் கண் எழும்பவில்லை. உண்மையில் அவள் என்ன படித்தாள் என்றே எனக்குத் தெரியாது மாமா. காதிலேயே விழவில்லை. மூன்று நாளாக இதை யாரிடமும் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணுதான் கெடுத்துச்சாமே! உங்க மேல ஒரு தூசு படக் கூடாது மாப்ள" என்று நீங்கள் சொன்னபோதும் "சரி மாமா" என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு கண்ணாடியில் முகம் பார்க்கக் கூசியது.

நாளை விசாரணை. அன்று வரி படித்ததும் சரி சொன்னதும் பதிவாகியிருக்கிறது; அந்த ஒலிப்பதிவை அங்கே வைத்துத்தான் முதலில் கேட்பார்கள், அது விதி. அதற்கு முன்பே நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று தீர்மானித்துவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் தப்பில் பாதி அவளுடையது, பாதி என்னுடையது. ஆனாலும் முழுவதையும் நானே ஏற்றுக்கொள்ளப் போகிறேன். பெரியவன் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்? இதற்காவது நீங்கள் என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாக நினைக்கலாம்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும் நாளை காலை பத்து மணிக்கு அவசியம் தேவை.

இப்படிக்கு,
மாற்ற வழியில்லாத தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. விசாரணை முடிந்து வந்து எழுதுகிறேன். நான் எழுந்து, தொண்டையைக் கனைத்து, தண்ணீர் குடித்து, பெருந்தன்மையாக ஆரம்பிப்பதற்குள் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டார்கள். அதில் அவள் நூற்றுத் தொண்ணூறு என்று தெளிவாகப் படிக்கிறாள். படித்துவிட்டு, "சார், இது தப்பா அடிச்சிருக்கேன் போலிருக்கு, உங்க தாள்ல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்கிறாள். அதற்கு நான், "சரி" என்கிறேன். ஆகவே மேலே பாதி என்று எழுதியதையும், அதன் பிறகு வருவதையும் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். அடுத்த மாதம் கலம் மறுபடி மண் அள்ளப் போகும்போது அவளே படிப்பாள், சரி சொல்ல வேறு ஆள். வெளியே வந்ததும், "இத்தனை நாள் ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார்" என்றாள்.