தலைவர் பின்னால் போன ரோபோக்கள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாகக் கண்டுபிடித்தது தம்முடைய சரக்குக் கிடங்கின் 'கூட்டறிவு' ஒன்றைத்தான் என்று துணை மேலாளர் மனதார நம்பினார்.

நாற்பது குட்டி ரோபோக்கள். அவற்றுக்கு மேஸ்திரி கிடையாது, அதட்டல் கிடையாது. ஒரே விதிதான்: பக்கத்து ரோபோ செய்வதைப் பார், நீயும் செய். ஒன்று பெட்டியைத் தூக்கினால் அடுத்ததும் தூக்கும். லாரி தானாக நிரம்பும். ஒன்றுக்கு மட்டும் அக்கம்பக்கம் பார்க்கும் கண் பழுது. அதை யார் பொருட்படுத்தினார்கள்!

கணக்கரின் குதிகாலில் ஒரு ரோபோ இடித்த அன்று, துணை மேலாளர் தம் மேதைமையையும் விதியில் சேர்த்தார்.

"மனுஷங்களையும் ரோபோவாவே நெனைச்சுக்கட்டும். அப்பத்தான் மரியாதையா நடந்துக்கும்."

"வேணாம் மாமா, வம்பு" என்றாள் இன்ஜினியர். அவருடைய அக்கா மகள்தான்.

"ஆபீஸ்ல சார்னு கூப்பிடு!"

அத்துடன் தொழில்நுட்ப விவாதம் இனிதே நிறைவுற்றது.

கம்பெனித் தலைவர் வருகை தரும் நாள் வந்தது. மருந்து லாரி மதியத்துக்குள் நிரம்பிக் கிளம்பினால் மேலாளர் நாற்காலி துணை மேலாளருக்கு. கிளம்பாவிட்டால் ஆயுசு முழுக்கத் துணைதான். மனிதர் காலையில் காபிகூடக் குடிக்கவில்லை.

தலைவர் நுழைந்தார். அதிகாரிகள் அனைவரும் பின்னால் போனார்கள். அவர் நின்றால் நின்றார்கள். அவர் கூரையைப் பார்த்தால் கூரையைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் போன ரோபோ ஒன்று இதைக் கவனித்தது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டது. அதைப் பார்த்து அடுத்தது. அப்புறம் கேட்பானேன்! தலைவர் கழிவறைக்குப் போனபோது, வாசலில் அதிகாரிகளும் ரோபோக்களும் பயபக்தியோடு காத்து நின்றார்கள்.

"அடடே, நல்ல பழக்கமா இருக்கே! யாருய்யா சொல்லிக் கொடுத்தது?" என்றார் வெளியே வந்த தலைவர்.

"யாரும் சொல்லலை சார். தானா வந்தது" என்றார் துணை மேலாளர், முதுகை வளைத்தபடி.

கிடங்கு வாசலில் லாரி டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். மாடி அறையிலிருந்து அக்கா மகள் போனில் பதறினாள்.

"மாமா, யாராவது ஒருத்தர் ஒரு பெட்டியைத் தூக்குங்க! அதைப் பார்த்து எல்லாம் வேலைக்குத் திரும்பிடும். நான் இறங்கி வர்றதுக்குள்ள லாரி போயிடும்."

பெட்டி காலடியிலேயே இருந்தது. அவர் குனியத்தான் நினைத்தார். ஆனால் கணக்கர் குனிகிறாரா என்று முதலில் பார்த்தார். கணக்கரோ இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு வளையவில்லை. தலைவர் முன்னால் மட்டும் காலையிலிருந்து நன்றாகத்தான் வளைந்துகொண்டிருந்தது.

அப்போது கண் பழுதான ரோபோ தன்பாட்டுக்கு வந்தது. அதற்குத் தலைவரும் தெரியவில்லை, அவர் பின்னால் நிற்கும் கூட்டமும் தெரியவில்லை. பெட்டி மட்டும் தெரிந்தது. தூக்கியது. வரிசைக் கடைசியில் நின்ற ரோபோ அதைப் பார்த்துத் தானும் ஒன்றைத் தூக்கியது. அப்படியே ஒவ்வொன்றாகக் கலைந்து போய், லாரி நிரம்பிக் கிளம்பியே விட்டது.

"டீம் ஒர்க்குன்னா இதுதான்யா!" என்று தலைவர் துணை மேலாளரின் கையைக் குலுக்கினார். அங்கேயே அவரை மேலாளர் ஆக்கினார். அதிகாரிகள் கை தட்டினார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு.

நாற்காலியில் உட்கார்ந்ததும் புது மேலாளர் முதல் உத்தரவைப் போட்டார்.

"அந்த ரோபோவுக்குக் கண்ணை உடனே சரி பண்ணும்மா."

"ஐயோ மாமா, இன்னிக்கு உங்க மானத்தைக் காப்பாத்தினதே அதுதான். கண்ணு சரியாச்சுன்னா அதுவும் வேலையை விட்டுட்டு உங்க பின்னாலயே சுத்தும்!"

"அதுக்குத்தாம்மா சரி பண்ணச் சொல்றேன்."