இன்குபேட்டர் கதவைத் திறந்து பார்க்கிறவர்கள்

எட்டிப் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஏற்கெனவே விளக்கு எரியும் லிஃப்ட் பொத்தானை இன்னொரு தடவை அழுத்துவார்கள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார்கள். நட்ட விதையைத் தோண்டியெடுத்து வேர் விட்டாயா என்று விசாரிப்பார்கள். இவர்களில் ஒருத்திக்கு ஆய்வுக்கூடத்தில் வேலையும் கிடைத்துவிட்டால் கேட்க வேண்டுமா?

அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் 'அஞ்சு செகண்ட்'. வேலை, செல் வளர்ப்பது. நோய் உண்டாக்கும் பகுதியை நீக்கிவிட்ட வைரஸை, மருந்தாகும் மரபணுவை உடம்புக்குள் கொண்டு சேர்க்கும் வண்டியாக மாற்றுகிறார்கள். அந்த வண்டிகள் தயாராகும் பட்டறைதான் செல். எத்தனை டிகிரிச் சூடு, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு, எப்போது தீனி என்று பக்குவம் பிடிபட்டால் விளைச்சல் பெருகும். பக்குவத்தைப் பிடிக்க வேண்டியவள் அவள். வீட்டின் முதல் பட்டதாரி. கொஞ்சம் அசந்தால் "ஆள் மாறி உன்ன எடுத்துட்டோம்மா" என்று யாராவது வந்து வேலையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று அவளுக்கு எப்போதும் ஒரு பயம்.

செல் குடுவைகளை ஒரே சூட்டில் வைத்திருக்கும் பெட்டிதான் இன்குபேட்டர். "அதோட கதவைத் திறக்காதம்மா" என்பார் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அண்ணன்.

"அஞ்சே செகண்டுண்ணே."

திறப்பாள், குடுவையை எடுப்பாள், வெளிச்சத்தில் சாய்ப்பாள், நுண்ணோக்கியில் வைத்து உற்றுப் பார்ப்பாள், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பாள், திரும்ப வைப்பாள், நாலடி நடப்பாள், மூடியைச் சரியாகத் திருகினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி திறப்பாள். விளைச்சலோ படுத்தே கிடந்தது. அவள் சூட்டை அரை டிகிரி குறைத்தாள், தீனி நேரத்தை மாற்றினாள், மூன்று நோட்டுகளை நிரப்பினாள்.

அப்போதுதான் அக்காவுக்குப் பிரசவம். குடுவைகளை உள்ளே வைத்துவிட்டு இரண்டு நாள் போய்வந்தாள். ("தூங்குதான்னு பிள்ளைய எழுப்பிப் பாக்குறியே, மனுஷியாடி நீ?" என்றாள் அக்கா.) திரும்பி வந்தால் விளைச்சல் மூன்று மடங்கு!

"முப்பத்தாறரை டிகிரி சார்! அதுதான் விஷயம்!"

கூடத்தின் தலைவர் லேசில் மயங்குகிறவர் அல்ல. "மாசக் கடைசிக்குள்ள இதே மாதிரி இன்னொரு தடவை எடுத்துக் காட்டு. இல்லன்னா இந்த வேலைய மாடி டீமுக்குக் குடுத்துடுவேன்."

அதே முப்பத்தாறரையில் வைத்தாள். மறுபடி படுத்துவிட்டது. மாசக் கடைசிக்குள் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் நேரம் இருந்தது.

மெக்கானிக் அண்ணன் ஒரு தாளை நீட்டினார். "கதவு எத்தன தடவை திறந்துச்சுன்னு மெஷினே குறிச்சு வச்சுக்கும். இந்தத் தடவை நாப்பத்தி மூணு."

"அக்கா வீட்டுக்குப் போனப்போ?"

"ரெண்டு. வச்சது ஒண்ணு, எடுத்தது ஒண்ணு."

மூன்று நோட்டுகளும் அவளையே பார்த்தன. திறக்கத் திறக்கச் சூடும் வாயுவும் வெளியே ஓடியிருக்கின்றன. ஆட்ட ஆட்டச் செல்கள் பிடி விட்டு உதிர்ந்திருக்கின்றன. அவ்வளவுதான் ஆராய்ச்சி.

கடைசித் தடவை குடுவைகளை வைத்ததும், அறையைத் திறக்கும் அட்டையைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்தாள்.

"நான் கெஞ்சினாலும் குடுக்காதீங்க."

"அழுதா?"

"அழுதாலும்."

இரண்டு நாளும் கழுவியதையே கழுவினாள். ஒரு தடவை அறைக் கதவில் காதை வைத்து நின்றாள். "என்ன, உள்ள பேசிக்குதுங்களா?" என்றார் அண்ணன்.

விளைந்தது. மூன்று மடங்குக்கும் ஒரு பிடி மேலே.

அறிக்கையில் சூடு, வாயு, தீனி என்று நிபந்தனைகளை வரிசையாக எழுதி, கடைசியில் 'ஆய்வாளர்: அறைக்கு வெளியே' என்று சேர்த்தாள்.

"இதென்ன, ஜோக்கா?"

"இல்ல சார். இதுதான் முக்கியமான கண்டிஷன்."

தலைவர் யோசித்தார், சிரித்தார், கையெழுத்தும் போட்டார். வேலை அவளிடமே தங்கியது. எழுந்தவர் நேரே இன்குபேட்டரிடம் போய்க் கைப்பிடியில் கை வைத்தார். "அடுத்தது எப்படி வருதுன்னு சும்மா ஒரு பார்வை..."

அவள் குறுக்கே பாய்ந்தாள்.

இந்த இனத்துக்குப் படிப்பு, பதவி, வயது எதுவும் தடை இல்லை, கவனித்தீர்களா? நீங்கள் அப்படி இல்லைதான். ஆனாலும் இதைப் படிக்கும்போதே, யாருக்கோ அனுப்பிய செய்தியை அவர் பார்த்துவிட்டாரா என்று போனைத் திருப்பிப் பார்த்தீர்களே, அது எத்தனையாவது தடவை?