வாலுக்கு நான் வழங்கிய சமநீதி

மேடைப் பேச்சில் பரிசு வாங்கியவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. எழுபதுகளின் இறுதியில் ஒரு சிறு விமானத்தின் வாலடியில் மண்டியிட்டு நான் கண்டறிந்த பேருண்மை இது.

அப்போது நான் கல்லூரி மாணவன். மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்திருந்தேன். மாலை வேளைகளில் மட்டாஞ்சேரித் தமிழர்களின் பட்டிமன்றங்களுக்கு நடுவர். எந்த அணியின் மனமும் நோகாமல் 'இரு பக்கமும் சமமே' என்று தீர்ப்பளித்து மாலை வாங்குவது என் வழக்கம். (மாலை மறுநாளே வாடிவிடும், தலைக்கனம் வாடவில்லை.)

மலையாளம் கலந்து பேசும் பயிற்றுநர் ஜோசப் சார் அந்த ஞாயிறு என்னை முதன்முறையாக வானில் ஏற்றிச் செல்வதாக வாக்களித்திருந்தார். தெரு முழுவதும் அறிவித்துவிட்டேன். எங்கள் சுக்குக் கிடங்கின் மொட்டைமாடியில் நின்று அம்மா ஆரஞ்சுப் புடவையை வீசிக் காட்டுவதென ஏற்பாடு. வாரம் முழுவதும் விழித்தபடியே கனவில் பறந்தேன். கீழே காயல் உருகிய வெள்ளியாய்க் கிடந்தது. ஓட்டுக் கூரைகளின் நடுவே ஒரு துளி ஆரஞ்சு அசைந்தது. சுக்கின் வாசம் மேகம்வரை ஏறி வந்தது.

ஞாயிறன்று, காயலுக்கு அக்கரையில் இருந்த விமானத்தளத்தில், விமானம் தரையில் ஓடும்போதே இடப்புறம் இழுத்தது. வாலில் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. விமானி மிதிக்கும் பக்கத்துக்கு அதைத் திருப்புபவை இரண்டு ஸ்பிரிங்குகள்.

"வலது ஸ்பிரிங் தளர்ந்து போச்சுடா. ரெண்டையும் மாத்து. பெட்டியில ஜோடி ஜோடியா இருக்கு. நான் ஒரு சாயா குடிச்சிட்டு வராம்" என்றார் சார்.

ஜோடியைப் பிரித்தேன். ஒன்று முரடு, மற்றது மென்மை! நடுவர் நெஞ்சம் பதறியது. ஒரே வாலில் இத்தகைய ஏற்றத்தாழ்வா? மென்மையானதை ஒதுக்கி, இன்னொரு ஜோடியிலிருந்த முரடனைக் கொணர்ந்து, இருபுறமும் சமநீதி நிலைநாட்டினேன்.

சார் திரும்பி வந்து கொக்கிகளை இழுத்துப் பார்த்தார். "கொள்ளாம். கேறு!" என்று மெச்சி, ஏறச் சொன்னார்.

பின்னிருக்கையில் ஏறினேன். புல்வெளி நழுவியது, காற்று பாடியது, கண்களை மூடிக்கொண்டேன். திடீரென, தரையை விட்டு எழும்புமுன்பே, வால் சிலிர்த்தது. பிறகு தடதடவென்று, பேய் பிடித்ததுபோல் ஆடியது.

"எடா! எந்த ஸ்பிரிங்கை மாட்டினே?"

"ரெண்டும் சமமா, சார்!"

"சமமா? ஒண்ணு இறுக்கம், ஒண்ணு இளக்கமா இருந்தாத்தானே வால் ஆடாது! ஐயோ, பிடிச்சுக்கோ!"

விமானம் ஓர் அரைவட்டம் அடித்து, வந்த திசையையே பார்த்தபடி சேற்றில் அமர்ந்தது. காயமில்லை. சார் இறங்கி வாலை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, "பிரசங்கம் மட்டும் பண்ணு மோனே" என்றார்.

என் முறை அத்துடன் முடிந்தது; மறுமுறை வரவேயில்லை.

படகேறி வீடு சேர்ந்தபோது அம்மா இன்னும் மாடியில் புடவையோடு நின்றிருந்தாள். "அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்தே பிடிச்சுப்போச்சு. எந்தப் பக்கமாடா பறந்தே?" என்றார் பக்கத்தில் நின்ற என் தகப்பனார், அத்தா. அக்கா என் காற்சட்டைச் சேற்றைப் பார்த்தாள். "தவளைங்க பறக்கிற பக்கமா, அத்தா!"

நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

இன்றும் வீட்டில் இருவருக்குள் சண்டை வந்தால், நான் தீர்ப்புக்குத் தொண்டையைச் செருமினால் போதும்: அக்கா கைக்குக் கிடைத்த துணியை எடுத்து, அண்ணாந்து பார்த்தபடி, தலைக்கு மேல் வீசத் தொடங்கிவிடுகிறாள்.