சாம்பிராணி மணந்த ஏறுதடிகள்

வாசிக்கும் பழக்கமுள்ளவர்களை ஒரு கருவிக்குப் பக்கத்தில் விடக்கூடாது. அது தன் பாட்டில் நன்றாக இருந்தாலும் அவர்கள் அதைத் திருத்தாமல் விடமாட்டார்கள். என் கணவர் இதை ஒருபோதும் என்னிடம் சொன்னதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் கியூபெக்கின் டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதிகள் ஏற்றுகிறவர். பல வருடங்களாக மதியச் சாப்பாட்டைத் தனியாகவே சாப்பிட்டார். மற்றவர்களின் பிரெஞ்சு அவருக்கு விளங்கும், அவர்கள் சொல்லிச் சிரிக்கும் பகிடிகள் விளங்காது. அப்படிப்பட்டவரை, கூட வேலைசெய்த ஜில் என்ற கியூபெக்காரர் தன் காட்டுக்கு மான் வேட்டைக்கு அழைத்தார். மரத்தின் உயரே ஓர் இருக்கையைக் கட்டி, வில்லோடு அசையாமல் காத்திருக்கும் வேட்டை. வில்லை ஜில் முன்னதாகவே இரவல் கொடுத்துவிட்டார்; ஏறுவதற்கான தடிகளை மட்டும் இவர் கொண்டுவர வேண்டும். அன்று வீட்டுக்கு வந்தபோது இருந்த அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை (எங்கள் கல்யாணப் படங்களிலும் இல்லை).

ஏறுதடி என்று நாங்கள் பெயர் வைத்தது, கால்வைக்கப் படிகள் பொருத்திய குட்டையான உலோகத் தண்டுகளுக்கு. ஒன்றின்மேல் ஒன்றாக மரத்தில் வரிந்து கட்டிக்கொண்டே ஏறவேண்டும். வாசிக்கக் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டு, புவாண்ட்-கிளேரில் உள்ள வேட்டைச் சாமான் கடையில் விற்பனையாளருக்கே பாடம் எடுத்தேன். இரும்பு பாரம், அலுமினியம் வேண்டும். ஒற்றைப் படியில் கால் மாற்ற இடமில்லை, இரட்டைப் படி வேண்டும்.

"ஏறப்போறது நானோ, நீரோ?" என்றார் அவர்.

"ஏறுறதும் நீங்கள், விழுறதும் நீங்கள். அதுதான் பாக்கிறன்."

உலோகத்தில் உலோகம் பட்டால் மானுக்குக் கேட்டுவிடும் என்று வாசித்திருந்தேன். எனவே தடிகளை மரத்தோடு பிணைக்கும் உலோகக் கொளுக்கிகளைக் கழற்றிவிட்டுக் கயிறு போட்டேன். அவருடைய பழைய வேட்டியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துக் கிழித்து, தண்டு முழுவதும் சுற்றித் தைத்தேன். பின்வளவு மேப்பிள் மரத்தில் அவர் ஏறிப் பார்த்தபோது ஒரு சத்தமும் இல்லை. மானுக்கு மோப்பம் அதிகம் என்பதையும் மறக்கவில்லை. அவருடைய உடுப்புகளை மணமில்லாத சவர்க்காரத்தில் தோய்த்து, கறி மணம் படாமல் வெளிக் கொட்டிலில் தொங்கவிட்டேன்.

அந்தக் கிழமை சரஸ்வதி பூசை. புத்தகங்களோடும் தையல் மெஷினோடும் ஏறுதடிகளையும் வைத்தேன். (உயிரெடுக்கிற வில்லைச் சாமிக்கு முன்னால் வைக்க மனம் வரவில்லை, ஏறுகிற தடியில் என்ன பாவம்?) சந்தனம் தொட்டு, சாம்பிராணிப் புகையை ஒவ்வொரு தண்டுக்கும் நிதானமாகக் காட்டினேன். அவர் விழக்கூடாது என்பதைத் தவிர மனத்தில் வேறொன்றும் இல்லை. வெறும் அலுமினியமென்றால் துடைத்ததும் போயிருக்கும். நான் சுற்றிய துணி புகையை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டது. எங்கள் மூக்குக்கு அது வீட்டு மணம். ஆகவே மணமே இல்லை.

பெருமை பிடிபடாமல் நானும் கூடப் போய், ஜில்லின் குடிலில் தேத்தண்ணி வைத்துக் காத்திருந்தேன். மாலையில் இருவரும் வெறுங்கையோடு வந்தார்கள். கொம்பு விரிந்த பெரிய மான் நேரே இவருடைய மரத்தடிக்கே வந்ததாம். ஏறுதடிக்கு மூக்கை நீட்டியதாம். ஒரு சீறல், வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். அதற்குப் பிறகு ஓர் அணில்கூட எட்டிப் பார்க்கவில்லை.

ஜில் துணியை முகர்ந்தார். "இதென்ன, ஈஸ்டர் பூசை மணக்குது? மரத்தில பாதிரியாரோ ஏறினவர்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் முந்திக்கொண்டார்: "நான்தான் புகை காட்டினனான். எங்கட வழக்கம்."

அடுத்த வருடம் பார்ப்போம் என்று ஜில் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தக் குளிர்காலத்திலேயே ஓய்வுபெற்று, காட்டையும் விற்றுவிட்டு, தூரத்தில் இருந்த மகளிடம் போய்விட்டார். அவர் விட்டுப்போனது கதையை மட்டும்தான். வேலையிடத்தில் இவரை இப்போது பாதிரியார் என்றே கூப்பிடுகிறார்கள். அந்தப் பகிடி அவருக்கு நன்றாக விளங்குகிறது. சாப்பாடு மட்டும் பழையபடி தனியாகத்தான்.

சாம்பிராணித் தட்டைக் கண்டாலே எங்கள் மகள், "அப்பா, ஓடுங்கோ" என்பாள். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் ஏறுதடிகளைத் துடைத்து வைக்கிறேன்; புகையை மட்டும் அவற்றுக்குக் காட்டாமல் கையை ஒதுக்கிக்கொள்வேன். போன தடவை அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"காட்டும், காட்டும்," என்றார். "இனி ஓடுறதுக்கு மான் எங்க?"