சோறு தின்றபின் போட்ட கலப்பை ஆசனம்

புத்திமதி சொல்பவர்களின் பேச்சை நான் தட்டியதே கிடையாது. கவனமாகக் கேட்பேன், தலையாட்டுவேன், கொப்பியில் எழுதியும் வைப்பேன். பிறகு அதற்கு நேர்மாறாகச் செய்வேன். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, மருதமுனையில் எங்கள் வீட்டு அறைக் கதவை உடைக்க நேர்ந்தது இதனால்தான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித டீச்சர். குனிந்து குனிந்து கொப்பி திருத்தியதில் முதுகின் அடியில் நாரி பிடித்துக்கொண்டது. (கதிரையிலிருந்து எழும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் போடும் சத்தத்தில் வகுப்பே எழும்பி நின்றுவிடும்.) தம்பிலுவிலிலிருந்து பஸ்ஸில் வரும் புவனேஸ்வரி டீச்சர் இரக்கப்பட்டு, பள்ளிக்கூடம் விட்டபின் மனையியல் அறையில் பாய் விரித்து யோகாசனம் சொல்லித் தந்தார்.

"வெறும் வயித்தில செய்யணும். சுத்திவர இடம் இருக்கணும். மூச்ச அடக்கப்படாது. எங்க நோகுதோ அங்க நிப்பாட்டுங்க டீச்சர். உடம்போட சண்டை பிடிக்காதீங்க."

மூன்று வாரம் மூச்சை இழுத்து விடுவதும், படுத்தபடி ஒரு காலை மடக்குவதும், பூனை மாதிரி முதுகை வளைப்பதுமாகப் போனது. நம்பமாட்டீர்கள், நாரி இளகிவிட்டது. இரவில் நல்ல நித்திரையும் வந்தது.

அத்தோடு நின்றிருக்கலாம். அந்த நேரம் பார்த்துச் சாய்ந்தமருதிலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல புள்ளதான். கொஞ்சம் வயிறு வெச்சிரிக்கி" என்றார். முடிவு சொல்ல அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார். எனக்கு ஏழு நாள் இருந்தது.

புவனேஸ்வரி டீச்சரின் புத்தகத்தில் கலப்பை ஆசனம் என்று ஒன்று இருந்தது. மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தலைக்கு மேலால் கொண்டுபோய்ப் பின்பக்கம் நிலத்தில் ஊன்ற வேண்டும். வயிறு குறையும் என்று கீழே போட்டிருந்தது.

"இது இப்ப வேணாம். கழுத்துப் பிசகிப் போகும். ஆறு மாசம் போகட்டும்" என்றார் டீச்சர். நான் தலையாட்டினேன்.

ஆறு நாள் சோம்பலில் போனது. ஏழு நாள் வேலையைக் கடைசி நாளில் ஒரேயடியாகச் செய்தாலும் விடை ஒன்றுதான் என்பது என் கணிதம். மாட்டிறைச்சி ஆணத்தோடு இரண்டு பீங்கான் சோறு தின்றுவிட்டு, அறையைத் தாழ்ப்பாள் போட்டு, கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் படுத்தேன். மூன்றாவது உந்தலில் கால்கள் தலையைத் தாண்டின. தாண்டியவை நேரே கட்டிலுக்கு அடியில் நுழைந்து சட்டத்தில் மாட்டிக்கொண்டன. நாரியில் ஏதோ 'டக்' என்றது. கழுத்து மடங்கி நாடி நெஞ்சில் குத்தி நின்றது. தின்ற சோறு தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது.

"உம்மா" என்று கூப்பிட்டேன். வந்தது என் குரல் அல்ல. யாரோ கிழவன் உறுமுவது போலிருந்தது.

உம்மா ஓடிவந்து கதவைத் தட்டினார். "மகள், கதவத் தொறகா!"

"ஏலா...து. விடுதில்ல."

"ஆரு விடுதில்ல?"

"கால... கால..."

"யா அல்லாஹ்! என்ட புள்ளைக்குள்ள ஆரோ பூந்திட்டான்! காலப் புடிச்சி வெச்சிரிக்கானாம்!"

தெரு கூடிவிட்டது. ஜின் பிடித்துவிட்டதென்று வாப்பா அடுத்த தெரு லெப்பையை ஓதிப் பார்க்கக் கூட்டிவந்தார். கூட்டத்துக்குள் "ஆருக்கு என்ன?" என்று இன்னொரு குரல் கேட்டது. மாப்பிள்ளையின் உம்மா. எனக்கு மிச்சமிருந்த மூச்சும் நின்றது.

லெப்பை கதவோடு வாயை வைத்துக் கேட்டார்: "உள்ளுக்கு இரிக்கிறது ஆரு?"

"நான்தான்... நாரி... நோகுது..."

லெப்பை வாயை எடுத்துவிட்டுக் காதை வைத்தார். பிறகு சொன்னார்: "ஜின்னுக்கு நாரி நோவு வாறல்ல. எனக்கு வாற. இந்த முனகல் எனக்குத் தெரியும். கதவ உடைங்க."

வாப்பா தோளால் இடித்தார். கதவு சாய்ந்ததும் ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, முதலில் உள்ளே வந்தது மாப்பிள்ளையின் உம்மாதான். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் என் முகம் இருந்தது. மரியாதை விட்டுப் போகக்கூடாதே என்று, "அஸ்ஸலாமு அலைக்கும், மாமி" என்றேன். (அதே கிழவன் குரலில்.)

"வஅலைக்குமுஸ் ஸலாம்" என்றபடியே அவர் கட்டிலைத் தூக்கினார்.

பத்து நாள் எழும்பவில்லை. பார்க்க வந்த புவனேஸ்வரி டீச்சர், "வெறும் வயிறா?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டு பீங்கான்" என்றேன். என் கொப்பியை எடுத்து, அவர் சொல்லி நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே சிவப்பு மையால் பிழை போட்டுவிட்டுப் போனார்.

சம்பந்தம் போய்விட்டதென்று தலையணை நனைய அழுதேன். பதினோராம் நாள் சாய்ந்தமருதிலிருந்து ஆள் வந்தது. மாமி சொல்லியனுப்பியிருந்தார்: "காலும் தலையும் மாறிக் கிடந்தும் ஸலாம் சொன்ன புள்ள. அத விடேலாது."

இப்போது விடியற்காலையில், வெறும் வயிற்றில், வீட்டு மண்டபத்தின் நட்டநடுவில்தான் பாய் விரிக்கிறேன். நோகிற இடத்தில் நிறுத்திவிடுகிறேன். நாரி நாற்பது வருஷமாக ஒழுங்காக இருக்கிறது. ஆனால் நான் கண்ணை மூடி மூச்சை இழுக்கத் தொடங்கியதும், என் கணவர் குசினிக்குள் இருந்து, பேரப்பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சத்தம் வைப்பார்:

"தேத்தண்ணி ஊத்தப் போறன். உள்ளுக்கு இரிக்கிற மத்தவருக்கும் ஒண்டு ஊத்தட்டா?"

நாடியை நெஞ்சோடு அமுக்கி, அந்தக் குரலிலேயே பதில் சொல்வேன்: "ஓம். சீனி கூட."