உரிய நேரம்

வாய் திறக்காமலே மக்களைக் காப்பாற்றும் அலுவலகம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது எங்களுடையதுதான். நிதி நிறுவனங்களைக் கண்காணிப்பது எங்கள் கடமை. அதில் நான் அறிவிப்புப் பிரிவு எழுத்தர். அறிவிப்பதைத் தவிர எல்லாம் செய்வேன்.

ஒரு சேமிப்பு நிறுவனம் இல்லாத கட்டணங்களைச் சொல்லி வாடிக்கையாளர் பணத்தைப் பிடித்துக்கொண்டது. தொண்ணூறு நாளுக்குள் வந்து கேட்பவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டோம். அதை 'உரிய நேரத்தில்' பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. உரிய நேரம் எது? கூட்டம் கூடியது.

"இப்பவே சொன்னா ஜனங்க பதறிப்போய்ப் பணத்தைக் கேட்பாங்க," என்றார் இயக்குநர்.

"கேட்கத்தானே சார் உத்தரவு?" என்றேன்.

"கேட்கட்டும். பதறாம கேட்கணும்."

நிறுவனத்தின் வக்கீலும் வந்திருந்தார். "எங்க நல்ல பேரு கெட்டுடும்," என்றார். மனம் உருகிப்போய் 'நற்பெயர்ப் பாதுகாப்புத் துணைக்குழு' அமைத்தோம்.

என் அக்கா தையல்காரி. சொந்தக் கடை போட அவள் சேர்த்ததில் பாதியை அந்த நிறுவனம்தான் விழுங்கியிருந்தது.

"கடை அறைக்காரர் மூணு மாசம் பொறுக்கிறேன்னிருக்காருடா. அதுக்குள்ள முன்பணம் கொடுக்கலேன்னா வேற ஆளுக்குப் போயிடும். உங்க ஆபீஸ்ல ஏதாவது பேசிக்கிறாங்களா?"

"உரிய நேரத்துல சொல்லுவாங்கக்கா."

உத்தரவின் நகல் என் சட்டையின் உள்பையில் இருந்தது. சட்டையும் பையும் அவள் தைத்தவை. என்ன கச்சிதமான தையல்! ஓர் எழுத்துகூட வெளியே தெரியவில்லை. எனக்கு நெஞ்சு உறுத்தியது; காகிதத்தின் மடிப்பு குத்துகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ஆறு கூட்டங்களுக்குப் பின், தொண்ணூற்றோராம் நாள் உரிய நேரம் பிறந்தது. 'ஒருவரும் பணம் கேட்டு வராததால், நிறுவனத்தின்மீது மக்களுக்குள்ள முழு நம்பிக்கை நிரூபணமாகிறது' என்று அறிவித்தோம். இயக்குநர் கண் கலங்கினார். அன்று மதியமே எனக்கு மாலை போட்டு, 'இரகசியக் காவலர்' பட்டம் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனேன். கடை அறை கைமாறிவிட்டிருந்தது. அக்கா மாலைப் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"'தொண்ணூறு நாளும் உத்தரவைத் தம் சட்டையின் உள்பையிலேயே வைத்துக் காத்த மாவீரர்.' மத்தியானம் நடந்தது சாயங்காலமே வந்திடுச்சே. இதுக்கு எத்தனை கூட்டம்டா போட்டீங்க?"

"ஒண்ணுகூட இல்லக்கா."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"சட்டையைக் கழட்டு. அந்தப் பையைப் பிரிக்கணும்."