தீர்த்தம் குடித்த வேன்

காதலுக்காகக் கவிதை எழுதியவர்கள் உண்டு, தாடி வளர்த்தவர்கள் உண்டு. நான் வேன் வாங்கினேன். அதிலும் பழைய வேன்.

ஐம்பதுகளில் நடந்த கதை இது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை, லிங்கராஜபுரத்தில் வீடு. நான்கு வீடு தள்ளி ஃபிலோமினா இருந்தாள். மாதா கோயிலில் பாட்டுப் பாடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மழைக்காக எல்லோரும் கோயில் வாசலில் ஒதுங்கி நின்றபோது, "நம்ம தெருவுல யார்கிட்டயாவது ஒரு வண்டி இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!" என்றாள். என்னிடம்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன். (அவள் சொன்னது அவள் அம்மாவிடம். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.)

அடுத்த மாதமே சைக்கிளை விற்று, சேமிப்பைத் துடைத்தெடுத்து, ஒரு பந்தல் காண்ட்ராக்டரிடம் அந்த வேனை வாங்கினேன். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி. "பர்மா வரைக்கும் போய் வந்த வண்டி சார்" என்றார் காண்ட்ராக்டர். வரும்போது தள்ளிக்கொண்டு வந்திருப்பார்களோ என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முதல் மாதம் டைனமோ போயிற்று. அடுத்து ரேடியேட்டர், அதற்கடுத்து கிளட்ச். சம்பளம் வாங்கியதும் நேராக சிவாஜிநகரில் மெக்கானிக் பாஷா பாயிடம் போய்விடுவேன். அவர் வண்டிக்கு அடியிலிருந்தே ஆறுதல் சொல்வார்.

"அரே தம்பி, இஞ்சின் ஏ-ஒன்னா கீது. சுத்திகீற வண்டிதான் பேஜாரு."

எட்டு மாதத்தில் அவர் தன் பட்டறைக்குப் புதுக் கூரை போட்டுவிட்டார். அதில் நாலு தகடாவது என்னுடையது. இருந்தும் எனக்குக் கவலையில்லை. முன் சீட்டில் மட்டும் யாரையும் உட்கார விடாமல் வைத்திருந்தேன். அது யாருக்கென்று எனக்கும் வண்டிக்கும்தான் தெரியும்.

அப்போதுதான் ஃபிலோமினாவுக்கு வேலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஞாயிறு காலை எட்டரை மணிக்கு கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ரயில். அவள் அப்பா சவரிமுத்து ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய், "பெட்டி படுக்கையெல்லாம் நம்ம வேன்லயே கொண்டு போயிடலாங்க" என்றேன். சந்தேகத்தோடு தலையாட்டினார்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்வி கேட்க அவகாசம். "லெட்டர் போட்டா பதில் போடுவீங்களா?" அவர் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கப் போகும்போது கேட்டுவிடுவது என்று திட்டம். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். அவள் கிளம்பிப் போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இந்த முக்கியமான நாளில் வேன் காலை வாரிவிடக் கூடாதே! அதற்கும் வழி கண்டுபிடித்தேன். எங்கள் ஆட்கள் புதிதாக வண்டி வாங்கினால் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார்கள். எனக்கு அது வாய்க்கவே இல்லை. (வண்டி கோயில் வரை ஓடினால்தானே?) அன்று ஆறு மணிப் பூசை முடிந்ததும், பெட்டி படுக்கையோடு வேன் கோயில் வாசலில் தயாராக நின்றது. முன் சீட்டில் சவரிமுத்து ஏறி உட்கார்ந்திருந்தார். எட்டு மாதம் காத்துவைத்த சீட்!

சாமியார் ஜெபம் சொல்லி, சக்கரத்துக்கெல்லாம் தெளித்துவிட்டுத் திரும்பினார். அத்தோடு விட்டிருக்கலாம். நான் ஓடிப்போய் பானட்டைத் திறந்தேன்.

"சாமி, வியாதி இங்கதான் இருக்கு. கொஞ்சம் தாராளமா..."

அவர் இரக்க சுபாவம் உள்ளவர். செம்பில் மிச்சமிருந்ததை அப்படியே கவிழ்த்தார்.

அதன் பிறகு ஹேண்டில் போட்டுச் சுற்றினேன், சுற்றினேன், தோள்பட்டை கழன்றுவிடும் போலச் சுற்றினேன். வேன் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. சவரிமுத்து ஸ்டியரிங்குக்கு நகர்ந்து, "எல்லாரும் தள்ளுங்கப்பா!" என்று கட்டளை போட்டார். பூசைக்கு வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைத் துணியோடு தள்ளினார்கள். திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் ஃபிலோமினா. புதுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் தள்ளிக்கொண்டிருந்தாள். அவ்வளவு கிட்டத்தில் நான் அவளைப் பார்த்ததே இல்லை.

"ஃபிலோமினா, ஒண்ணு கேக்கணும்..."

"என்ன?"

"வந்து..."

"பேச்சு என்னா அங்க? மணி எட்டாவுது!" என்று முன்னாலிருந்து அவள் அப்பா கத்தினார். அடுத்த நிமிடம் தெருவில் போன ஜட்காவை அவரே கைதட்டி நிறுத்தினார். பெட்டி மாறியது, படுக்கை மாறியது, அவளும் ஏறிவிட்டாள். திருப்பம் வரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள். அல்லது வேனைப் பார்த்தாளோ என்னவோ.

யாரோ சொல்லி பாஷா பாய் சைக்கிளில் வந்து சேர்ந்தார். இஞ்சினுக்குத் தீப்பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே தண்ணீர். லுங்கி நுனியால் துடைத்து மாட்டி, ஒரே சுற்று. வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"தண்ணி யாரு ஊத்துனது?"

"சாமியார்."

பாஷா பாய் முகம் வாடிவிட்டது. "எனக்குத் தெரியாம வேற ஆளுகிட்ட வண்டிய காட்டிட்டியா தம்பி?"

ஸ்டேஷனுக்கு விரட்டினேன். வேன் அப்படி ஓடியதே இல்லை. பிளாட்பாரத்தில் நான் கால் வைத்தபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. புகை கலைகிற வரை நின்றேன். அவள் விலாசம்கூட என்னிடம் இல்லை. அவள் அப்பாவிடம் கேட்கத் துணிச்சலும் இல்லை.

பிறகு அவளுக்குத் திருச்சியில் கல்யாணம் நடந்தது, எனக்கு இங்கே நடந்தது. வேனைப் பழைய இரும்புக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் இன்றும் மிக்ஸி நின்றுபோனால் என் மகன், "சாமியாரைக் கூப்பிடட்டா?" என்பான். கதையை என் மனைவி என்னைவிட நன்றாகச் சொல்வாள். அதில் வரும் பெண்ணுக்கு மட்டும் பெயர் கிடையாது, "யாரோ ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய பொண்ணு". நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் மகள் கல்யாணத்துக்கு ஃபிலோமினா வந்திருந்தாள், நரைத்த தலையோடு. பந்தியில் என் மனைவி அந்தக் கதையை எடுத்துவிட, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஃபிலோமினாவும் சிரித்தாள். கை கழுவும் இடத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு வண்டி தள்ளும்போது ஏதோ கேக்க வந்தீங்களே, என்னது?"

"டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு போட்டாச்சான்னு."

"அவ்ளோதானா?" என்று கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் வேலூர் போய்ச் சேர்ற வரைக்கும் அதையே யோசிச்சிட்டுப் போனேன்."